சம்பந்தி வீட்டுச் சமயம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைக் குழைத்துக்கொண்டே மகன், தான் கட்டப்போகும் ஜெர்மன் பெண்ணின் வீட்டு விஷயத்தைச் சொன்னான்.

"அம்மா, அவளின்ரை அம்மா ஒரு ஹெக்ஸ. வேறை ஆக்கள் சொல்லி நீங்கள் கேள்விப்படக் கூடாது எண்டுதான் முதலே சொல்லுறன்."

ஜெர்மன் மொழியில் ஹெக்ஸ என்றால் சூனியக்காரி. என் கணவர் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார்.

"சூனியம் செய்யிறவவோ?"

"இல்லையப்பா. அது அவவின்ரை சமயம். விக்கா எண்டு பேர். ஆருக்கும் தீங்கு செய்யக் கூடாது எண்டதுதான் அவையின்ரை முதல் விதி."

நான் கொலோனில் டிராம் ஓட்டுகிறேன். எத்தனையோ விதமான ஆட்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தவள் என்பதால் பெரிதாக அதிர்ந்து போகவில்லை. கலியாணத்துக்கு வரப்போகும் கணவரின் அண்ணன்மாருக்கு இதை என்ன பெயர் சொல்லி விளங்கப்படுத்துவது என்பதுதான் என் யோசனை.

அடுத்த மாதம் பெண் வீட்டுக்குப் போனோம். ஆஹென் நகரத்துக்கு வெளியே, தோட்டத்தோடு கூடிய சின்ன வீடு. சம்பந்தியம்மா மருந்துக்கடையில் வேலை செய்பவர். நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கூடத்து மூலையில் ஒரு மேசை. அதில் மெழுகுதிரி, உப்பு, தண்ணீர்க் கிண்ணம், ஒரு பெண் உருவம், கொம்பு வைத்த ஓர் ஆண் உருவம், கறுப்புப் பிடி போட்ட ஒரு கத்தி. என் கணவரின் கண் கத்தியிலேயே நின்றது.

"அதால் எதையும் வெட்டுவதில்லை," என்று சம்பந்தியம்மா ஜெர்மனில் சொன்னார். "வழிபாட்டுக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு வட்டம் போடுவோம். அவ்வளவுதான்."

தேவி, தேவன் என்று இருவரை வணங்குவதையும், சூரியனின் போக்கை ஒட்டி வருடத்தில் எட்டுத் திருநாள்கள் வருவதையும் சொன்னார். அவர்களுடையது ஒரு சிறிய குழு. அதில் சேர்வதற்குத் தீட்சை உண்டு. தீட்சை என்றதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அது எங்களுக்குத் தெரிந்த சங்கதி.

கோப்பி குடிக்கும்போது அவருடைய தம்பி வந்தார். கூரை போடும் வேலை செய்பவர், பெரிய ஆள், தாடி. மரியாதைக்கு நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"நீங்களும் விக்காவோ?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இல்லை. நான் ஹைட."

ஹைட என்றால் ஆங்கிலத்தில் பேகன் என்பார்களே, அது. கிறிஸ்தவம் வருவதற்கு முன்பிருந்த தெய்வங்களைக் கும்பிடுகிறவன்.

"நானும் ஹைடதான். விக்காவெல்லாம் ஹைடதான்," என்றார் அக்கா.

"ஆனால் ஹைட எல்லாம் விக்கா இல்லை," என்றார் தம்பி. "எனக்கு வட்டமும் இல்லை, மந்திரமும் இல்லை. வட ஐரோப்பாவின் பழைய தெய்வங்கள்தான். மாட்டுக் கொம்பில் தேன்மது ஊற்றி, அவர்களுக்கும் செத்துப்போன எங்கள் ஆட்களுக்கும் கொடுப்பேன். இவளுடைய சமயத்தை இங்கிலாந்தில் போன நூற்றாண்டில்தான் உருவாக்கினார்கள்."

"உன்னுடையதை மட்டும் என்ன? உங்கள் தெய்வக் கதைகளைப் பாதிரிமார் எழுதிவைத்ததில் இருந்துதானே பொறுக்கி எடுத்தீர்கள்!"

பல வருடமாக நடக்கும் சண்டை என்று விளங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்களில் சைவர் எல்லோரும் இந்துக்கள், இந்துக்கள் எல்லோரும் சைவர் இல்லை. இது அப்படித்தானே என்று கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் "கிட்டத்தட்ட" என்றார்கள்.

என் கணவர் மட்டும் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தம்பியாரின் கழுத்தில், அவர் கும்பிடும் தெய்வத்தின் அடையாளமாக ஒரு சின்ன வெள்ளிச் சுத்தியல் தொங்கியதை நான் அப்போதுதான் கவனித்தேன். கணவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் இருந்தவர். வெளிநாட்டவர் வேண்டாம் என்று அந்த முகாமுக்குக் கல்லெறிய வந்த பெடியன்களின் கழுத்திலும் அப்படியொன்று இருந்ததாம். அதை அவர் என்னிடம் சொன்னது ரயிலில் திரும்பி வரும்போதுதான்.

"கத்தியைப் பற்றி எனக்குப் பயமில்லை. அந்த மனுசனோடை ஒரு மேசையிலை இருக்க எனக்கு ஏலாது."

மகனிடம் சொன்னேன். மகன் அவளிடம் சொல்லியிருக்கிறான். அடுத்த சனிக்கிழமை தம்பியார் தனியே எங்கள் வீட்டுக்கு வந்தார். சுத்தியல் கழுத்தில்தான் இருந்தது. என் கணவர் கதிரையைக் காட்டினாரே தவிர, வாங்கோ என்று சொல்லவில்லை.

"கேட்க வேண்டியதைக் கேளுங்கள்," என்றார் வந்தவர்.

"அந்தப் பெடியன்களும் உங்கள் தெய்வத்தைத்தானே கும்பிட்டார்கள்?"

"கும்பிட்டார்களோ தெரியாது. அடையாளத்தை எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டவருக்கு இடமில்லை என்று சொன்ன ஒரு குழுவில் நானும் கொஞ்சக் காலம் இருந்தேன். அவர்கள் அதை வாய்விட்டுச் சொன்ன அன்றைக்கே வெளியே வந்துவிட்டேன். கழற்றச் சொன்னால் கலியாணத்துக்குக் கழற்றிவிட்டு வருகிறேன். வர வேண்டாம் என்றாலும் சரி."

என் கணவர் என்னிடம் தமிழில் சொன்னார்: "பெம்பிளையின்ரை தாய்மாமன். அவர் இல்லாமல் என்னெண்டு கலியாணம் செய்யிறது?" அவரிடம் திரும்பி ஜெர்மனில், "போட்டுக்கொண்டே வாருங்கள். ஆனால் என் அண்ணன்மார் கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்," என்றார்.

கோயிலில் தாலி கட்டினார்கள். அடுத்த நாள் சம்பந்தியம்மாவின் தோட்டத்தில் அவர்களுடைய சடங்கு. அவர் புல்லில் வட்டம் போட்டு, பிள்ளைகள் இருவரின் கைகளையும் நாடாவால் கட்டினார். தம்பியார் வட்டத்துக்குள் வரவில்லை. இது அக்காவின் சடங்கு, தான் விருந்தாளி என்று வெளியே நின்றார். முடிந்த பிறகு ஆப்பிள் மரத்தடியில் தன் கொம்பில் இருந்த மதுவைக் கொஞ்சம் ஊற்றினார்.

கணவரின் மூத்த அண்ணன் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "உந்தத் தாடிக்காரரும் அவவும் ஒரே சமயமோ?"

"ஒரே வகை, வேறை வேறை சமயம் அண்ணை. மிச்சத்தை அவரிட்டையே கேளுங்கோ."

கேட்டார். பின்னேரம் முழுக்க தம்பியார் மூன்று அண்ணன்மாருக்கு நடுவில் இருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் பக்கத்தில் இருந்து, விளங்காத இடங்களைத் தமிழில் சொன்னார். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் எழும்பிப் போகவில்லை.