எட்டு விரல் நண்டு

எங்கள் வீட்டில் யாருக்காவது விண்ணப்பப் போம் நிரப்ப வேண்டுமென்றால் என்னைத்தான் தேடுவார்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் தொடங்கிய பழக்கம் அது. அதற்குப் பிறகு பாடசாலைப் பரிசு, மாவட்டப் பரிசு, பல்கலைக்கழக உதவித்தொகை என்று எங்கே ஒரு விண்ணப்பம் கிடந்தாலும் நான் விட்டுவைத்ததில்லை. பிறப்புச் சான்றிதழின் பிரதிகள் எப்போதும் என் பையில் இருக்கும். "இவள் மோட்சத்துக்கும் மூண்டு பிரதியோடதான் போவாள்" என்று அம்மா சொல்வார். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முதலாவதாக வருவது எனக்குப் பிடிக்கும். இரண்டாவதாக வந்தால் இரண்டு நாளைக்கு யாரோடும் கதைக்கமாட்டேன்.

கடற்றொழில் விஞ்ஞானம் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பீடத்து அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். வெளிநாட்டுக் கடல் ஆய்வுகூடம் ஒன்றில் மூன்று மாத உள்ளகப் பயிற்சி. விமானச் செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நல்ல பெறுபேறுள்ள மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். எங்கள் பீடத்துக்கு ஓர் இடம். அந்த ஓர் இடம் எனக்குத்தான் என்று பலகைக்கு முன்னால் நின்றபடியே முடிவு செய்துவிட்டேன். கடைசி வரியைப் பிறகுதான் வாசித்தேன். மாணவர் தாமே செய்த சிறிய கள ஆய்வு ஒன்றையும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டுமாம்.

களத்துக்கு எனக்கு என்ன பஞ்சம்? விடத்தல்தீவுப் பக்கம் கடலோரத்தில் எங்கள் ஊர். அப்பா நண்டு வலை போடுகிறவர். நேரத்துக்குத்தான் பஞ்சம். கிழமை நாட்களில் பல்கலைக்கழகத்தில் வகுப்பு, அது வேறு மாவட்டம். ஆகவே அப்பாவிடம் அளக்க ஓர் அடிமட்டத்தையும் எழுத ஒரு கொப்பியையும் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் வலையிலிருந்து எடுக்கிற நண்டுகளின் மேலோட்டை, ஒரு பக்க முள்ளிலிருந்து மறுபக்க முள்வரை அளந்து எழுத வேண்டும். ஆணா பெண்ணா, சினை இருக்கிறதா என்றும் குறிக்க வேண்டும்.

அப்பா இதை நான் நினைத்ததைவிடப் பெரிய வேலையாக எடுத்துக்கொண்டார். இரண்டு மாதம், ஞாயிறு தவிர ஒரு நாளும் தப்பவில்லை. அச்சடித்தது மாதிரியான எழுத்து. கொப்பியில் தண்ணீர் படக்கூடாது என்று அதைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனாராம். சாப்பாடு வெறும் பையில் போயிருக்கிறது.

அந்த எண்களை வைத்து வரைபடம் கீறினேன். சின்ன நண்டு, நடுத்தர நண்டு என்று கோடு ஏறிப்போய், ஓர் அளவுக்கு வந்ததும் கத்தியால் வெட்டியது போல நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு நண்டுகூட இல்லை. கடலில் எதுவும் இப்படி நேராக வெட்டுப்பட்டு நிற்காது. முதலாம் வருடத்துப் பிள்ளைக்கே அங்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம்தான். இப்படி ஒரு முடிவு வேறு யாரிடமும் இருக்காது என்று நினைத்தேன். இந்தக் கரையில் பெரிய நண்டுகளைக் கடற்றொழிலாளர்கள் அளவுக்கு மீறிப் பிடித்து முடித்துவிட்டார்கள் என்று எழுதினேன். அன்றிரவே போனில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அம்மா "நல்லாயிருக்கு" என்றார். அப்பா "சரி பிள்ளை" என்றார்.

எங்கள் பீடத்திலிருந்து மூன்று பேரை நேர்முகத் தேர்வுக்கு எடுத்தார்கள். மூவரில் ஒருத்தி நான். தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை, கணினி வழியாக. நான் வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் கரைக்குப் போனேன். அப்பா வள்ளத்தடியில் இருந்து வலையிலிருந்து நண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொப்பி திறந்தபடி இருந்தது. ஆய்வு முடிந்தும் அளப்பதை அவர் நிறுத்தவில்லை. பழகிவிட்டது என்றார். அப்போது நல்ல கனமான நீல நண்டு ஒன்று வந்தது. அப்பா அதைப் பின்பக்கமாக அமத்திப் பிடித்து, மற்றக் கையை அதன் ஓட்டின் மேல் நாலு விரல், பிறகு நாலு விரல் என்று வைத்துப் பார்த்தார். எட்டு விரலுக்கு வெளியேயும் ஓடு தெரிந்தது. அதை எடுத்துத் தனியே இருந்த பனையோலைக் கடகத்துக்குள் போட்டார். அடிமட்டத்தை எடுத்து அடுத்த நண்டை அளக்கத் தொடங்கினார்.

"அப்பா, அதை அளக்கேல்லையே?"

"அது கோயிலுக்கு."

"கோயிலுக்குத்தான். அளந்துபோட்டுக் குடுக்கலாம்தானே?"

அப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "குடுத்ததை ஆரும் அளப்பினமே, பிள்ளை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உயிர்ப்புத் திருநாள் முடிந்ததிலிருந்து எங்கள் கோயில் திருநாள் வரை, எட்டு விரலுக்கு மேல் அகலமான நண்டு எந்த வள்ளத்தில் வந்தாலும் அது கோயிலுக்கு. கரையிலேயே ஏலம் போட்டு விற்பார்கள். கடகத்துக்குள் விழுந்த பிறகு அதை நிறுப்பதுமில்லை, அளப்பதுமில்லை, எத்தனை என்று எண்ணுவதுமில்லை. இந்த வழக்கத்தை யாரும் எனக்கு ஒளித்து வைக்கவில்லை. ஞானஸ்நானத்திலிருந்து அந்தக் கோயிலில்தான் வளர்ந்தேன். என்னுடைய இரண்டு மாதமும் சரியாக அந்தக் காலத்துக்குள் விழுந்திருந்தது. நான் கீறிய வரைபடத்தில் கத்தி விழுந்த இடம் எட்டு விரல்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். யாரிடம் கோபம் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் அப்பா முன்னால் நின்றதால் அவருக்குத்தான் விழுந்தது. "எல்லா நண்டையும் எழுதச் சொன்னனான் எல்லோ. எல்லாம் எண்டால் எல்லாம்தானே அப்பா?"

"நீ ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்" என்றார் அப்பா.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "சின்னனில அந்த ஏலத்தில கடகத்தைத் தூக்கிக்கொண்டு ஆர் நிண்டது? நான்தான் பெரிய கடகம் தூக்குவன் எண்டு அழுததும் நீதான். இவ்வளவு படிச்சும் அது ஞாபகம் வரேல்லையே?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் விரிவுரையாளருக்குப் போன் எடுத்தேன். விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் தந்தவர் அவர்தான். முழுவதையும் கேட்டு முடித்தார்.

"அவையள் கேட்டால் மட்டும் சொல்லும்" என்றார். "கேக்காததை ஏன் நீரே போய்ச் சொல்லுறீர்? இடம் கிடைச்ச பிறகு திருத்தலாம்தானே."

எனக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான். உண்மையைச் சொன்னால், அன்று நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். எங்கோ ஒரு நாட்டில் இருக்கிறவர்களுக்கு எங்கள் கோயில் கடகம் எப்படித் தெரியப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, நேர்முகத் தேர்வுக்காக அறிக்கையை மறுபடி வாசித்தேன். முடிவுரைக்கு வந்தபோதுதான் மனம் ஒரு மாதிரியாகிவிட்டது. பேராசை பிடித்துக் கடலை வழித்தெடுத்த ஆட்கள் என்று நான் எழுதியிருப்பது யாரை? காலையில் கோயிலில் எனக்கு முன் வாங்கில் இருந்து பாடினவர்களை. சாட்சிக்கு நான் வைத்திருப்பதும் அவர்களில் ஒருவர் சாப்பாட்டுப் பெட்டிக்குள் பொத்திப் பொத்தி எழுதிய கொப்பி. பெரிய நண்டைக் கோயிலுக்குக் கொடுத்த குற்றத்துக்குப் பெரிய நண்டைத் தின்று முடித்தவர்கள் என்று பெயர் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதை யாராவது நம்பி இந்தக் கரைக்கு ஒரு சட்டமும் கொண்டுவரலாம். எனக்கு அவமானமாக இருந்தது. முதலாவதாக வருவதில் இருந்த ருசியே போய்விட்டது.

அம்மாவிடம் போய், இனி என்ன செய்வது என்று கேட்டேன். அவர் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"ஏலம் முடிஞ்சால் அது வாங்கினவரின்ரை நண்டு. அவரைக் கேட்டு அளவன். ஆர் வேண்டாமெண்டது?"

திங்கட்கிழமை காலை நானும் அப்பாவும் அடிமட்டத்தோடு ஏலத்துக்குப் போனோம். வாங்கிக்கொண்டு போகிறவர்களை மறித்து மறித்து அளந்தோம். இரண்டு நண்டு வாங்கிய ஒரு மாமி, "கறிக்கு வாங்கினதுக்கும் சோதினையோ?" என்று சிரித்துக்கொண்டே பையை நீட்டினார். மன்னாரிலிருந்து வரும் மீன் வியாபாரி ஒருவர், எங்கள் கரை முழுவதும், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல, நானா என்றே கூப்பிடும் மனிதர், தன் பெட்டியை முழுக்கத் திறந்துவைத்து, "எல்லாத்தையும் அளந்து பாருங்க புள்ள, அவசரமில்ல" என்றார். ஐஸ் கரைவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அளந்த ஒவ்வொரு நண்டும் என் வரைபடத்தில் இடமில்லாத நண்டு.

செவ்வாய்க்கிழமை அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் மன்னாருக்கு, இணைய இணைப்பு நன்றாக உள்ள என் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். திரையில் மூன்று முகங்கள். என் படிப்பைப் பற்றிக் கேட்டார்கள், எதிர்காலத் திட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். வரைபடத்தைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் நன்றாகப் பதில் சொன்னேன், அது எனக்கே தெரிந்தது. கடைசியில் நடுவிலிருந்த நரைத்த தலைப் பெண்மணி, நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். நன்றி சொல்லிவிட்டு எழும்பியிருக்கலாம்.

என் ஆய்வின் முடிவு பிழை என்றேன். திருநாளை, எட்டு விரலை, கடகத்தை எல்லாம் சொன்னேன். என் ஆங்கிலத்தில் கடகம் வெறும் கூடையாகிப் போனது. முந்தின நாள் காலை அளந்த எண்களையும் வாசித்தேன். பெரிய நண்டு முடியவில்லை, நான்தான் அதைப் பார்க்கத் தவறினேன் என்று முடித்தேன்.

பிறகு அந்தப் பெண்மணி ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன் என்றேன். அதைவிட நல்ல பதில் வரவில்லை. அவர் ஏதோ எழுதிக்கொண்டார். திரை கறுப்பாகிவிட்டது. போச்சு என்று நினைத்தேன்.

மூன்று கிழமை கழித்து, மறுபடி வீட்டில் நின்ற ஒரு பின்னேரம் மின்னஞ்சல் வந்தது. அந்த இடம் எனக்குத்தான். வரைபடத்தைத் திருத்துவதையே மூன்று மாத வேலையாகத் தருகிறார்களாம், கரையில் அளப்பவரைத் தொடர்ந்து அளக்கச் சொல்ல முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள். அம்மாவைத் தூக்கிச் சுற்றப் பார்த்தேன், முடியவில்லை. செருப்பும் போடாமல் கரைக்கு ஓடினேன். அப்பா வலையில் சிக்கியிருந்த பாசியை எடுத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் இரண்டு கையையும் சாரத்தில் துடைத்துவிட்டு என் தலையில் வைத்தார். எவ்வளவு குளிர் இருக்கும், எப்ப போகவேணும், அங்கே சோறு கிடைக்குமோ என்று அடுக்கடுக்காகக் கேட்டார். நான் வாழ்க்கையில் வாங்கிய எந்தப் பரிசுக்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான், இத்தனை நாளும் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"அப்பா, பெரிய நண்டு முடிஞ்சுதெண்டு நான் போனில வாசிச்சுக் காட்டினன். அண்டைக்குக் காலமையும் நீங்கள் ரெண்டு மூண்டைக் கோயிலுக்கு வைச்சிருப்பியள். பிழையெண்டு ஏன் சொல்லேல்லை?"

அப்பா பாசியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ அவ்வளவு படிச்சுப்போட்டுச் சொல்லுறாய். நான்தான் அடிமட்டத்தில கோட்டைப் பிழையா வாசிச்சுப்போட்டனாக்கும் எண்டு நினைச்சன். அடுத்தநாள் முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டினனான்."

அவருக்குப் பக்கத்தில் மணலில் இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னவை என்று கேட்டேன்.

"ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்காம்" என்றார் அப்பா.