பூட்டக்காவின் டீ நேரம்

ஆஸ்பத்திரியில் அவரைப் பூட்டக்கா என்றுதான் சொல்வார்கள். எல்லாக் கணினியையும் பூட்டி வைக்கிறார் என்று முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், பிறகு முகத்துக்கு நேரே வந்துவிட்டது. அக்கா கோபித்துக்கொண்டதில்லை.

கணினிப் பிரிவில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த நாற்காலி. எந்தப் புரோகிராம் கெட்டது என்று நாங்கள் தேடி அலைய மாட்டோம். ஆஸ்பத்திரிக் கணினிகளில் நாங்கள் அனுமதித்தது மட்டும் ஓடும். மற்றது எதுவானாலும் தானாகத் தடுக்கப்பட்டு, திரையில் 'அனுமதி இல்லை' என்று வரும். பேத்தி படம் ஓடும் ஸ்கிரீன்சேவருக்காகப் பெரிய டாக்டர் கெஞ்சியும் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். "வேலைக்கு எதுக்கு வேணும்னு சொல்லுங்க டாக்டர், இப்பவே போட்டுத் தரேன்" என்றார் அக்கா. அதே மாதம் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் ஒருவர் ஏதோ பில் என்று நம்பி, மெயிலில் வந்த வைரஸைத் திறந்துவிட்டார். அது ஓடவே இல்லை. அதன் பிறகு டாக்டர் வாயைத் திறக்கவில்லை.

இவ்வளவு கறாரானவரின் கணினியில் ஒரு செல்லப் புரோகிராம் இருந்தது. முன்பு எங்களோடு இருந்த நெட்வொர்க்காரர் அவருக்காக எழுதி, தானே அனுமதியும் போட்டுக் கொடுத்தது. தினமும் நாலு மணிக்குத் திரை ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும்: "எழுந்திரிங்க மேடம், டீ ஆறுது." உடனே இருவரும் கான்டீனுக்குக் கிளம்புவார்கள்.

அவர்கள் மனதில் இருந்தது ஆஸ்பத்திரிக்கே தெரியும், அவர்கள் இருவரைத் தவிர. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று நெட்வொர்க்காரர் அக்காவின் மேசைக்கு வந்து தயங்கி நின்றார். "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா மேடம்?" என்றார்.

"ஐடி கார்டைத் திருப்பிக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார் அக்கா.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முத்தா உதிர்ந்திருக்கும்? எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. மனிதர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. நாலு மணிக்கு அந்தப் பெட்டி வருவது மட்டும் நிற்கவில்லை. அக்கா தனியாகப் போய் டீ குடித்துவிட்டு வருவார்.

இந்த வருஷம் கணக்கெடுப்பு வந்தது. அனுமதித்த ஒவ்வொரு புரோகிராமுக்கும் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும், வேலை சம்பந்தமான காரணமும் வேண்டும். அக்கா கேட்கலாம், ஆனால் தனக்குத் தானே அனுமதி கொடுக்க முடியாது. நான்தான் கொடுக்க வேண்டும்.

"கண்ணுக்கு ஓய்வுன்னு எழுதுங்கக்கா. நான் ஓகே பண்ணிடறேன்."

"பொய் சொல்லி வாங்கச் சொல்றியா?"

"அப்ப உண்மையை எழுதுங்க."

எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கண் கலங்கிவிட்டது. கடைசியில் அவரே அனுமதியை நீக்கினார்.

மறுநாள் நாலு மணிக்கு அதே ஓரத்தில் 'அனுமதி இல்லை' என்று வந்தது. அனுமதியைத்தான் எடுத்திருந்தார், புரோகிராமை அழிக்கவில்லை. அது தன் நேரத்துக்கு வந்து, தடுக்கப்பட்டு, திரும்பிப் போனது. தினமும் இதே கதை. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"மொத்தமா அழிச்சிடறேன்க்கா. எதுக்கு இந்த வேதனை?"

"வேண்டாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ள விடத்தான் எனக்குத் துணிச்சல் இல்ல. வர்றதையாவது பார்த்துக்கறேனே."