ரியூஷன் விளம்பரத்தில் ஒரு முகம்

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தேன். பாடநூலை மூடிவிட்டு, தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் குவித்திருக்கும் வாரப் பத்திரிகைகளை விரிப்பேன். அவற்றில் செய்தியைத் தேடினால் கண் நோகும். பக்கத்துக்குப் பக்கம் கோட்டும் டையுமாக வீட்டுத் தரகர்மார் பல்லைக் காட்டுவார்கள். "இதை ஆர் போட்டது? எதை மறைக்கினம்?" என்று கேட்கப் பழக்கினேன். என் பாடமே அவ்வளவுதான்.

ஒருநாள், டோர்செட் பார்க்கிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். அவள் முன்னால் ஒரு ரியூஷன் நிலையத்தின் விளம்பரம். 'எமது மாணவியின் சாதனை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே அவளுடைய முகம்.

"சேர், நான் அங்க ஒருநாளும் படிக்கேல்லை. தனிய இருந்து படிச்சுத்தான் பள்ளிக்கூடத்தில முதலாவதா வந்தனான். அந்தப் பேரை இவையள் எப்பிடி எடுக்கலாம்?"

விசாரித்தால், நிலையக்காரர் கோயிலில் அவளுடைய தகப்பனைப் பிடித்திருக்கிறார். "பேப்பரில பிள்ளைக்கு ஒரு வாழ்த்துப் போடுவம், படம் ஒண்டு தாங்கோ அண்ணை." பிறந்தநாளுக்கும், பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீட்டுக்கும் பத்திரிகையில் படம் போட்டு மகிழ்கிற எங்கள் சனத்துக்கு இதில் சந்தேகம் வருமா? மனுசன் பெருமை தாங்காமல் புளுகத்தோடு கொடுத்துவிட்டார். விளம்பரம் வந்ததும், மகளின் பெயரைத் தவிர வேறெதையும் வாசிக்காமல், பிரேம் போட்டுச் சுவரில் மாட்டியும் விட்டார்.

திருத்தம் போடச் சொல்லிப் பத்திரிகை ஆசிரியரிடம் அவளைக் கூட்டிப் போனேன். "படம் வடிவாத்தானே வந்திருக்கு, தங்கச்சி" என்றார் அந்த அறிவுக்கொழுந்து. விளம்பரக்காரன் தும்மினாலும் அதையும் அச்சடிக்கிற ஆள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வந்தேன். அடுத்த கிழமையும் அதே விளம்பரம் வந்தது.

அன்று தமிழ்க் கடைக்குப் போனபோது அவள் வாசலில் குந்தியிருந்தாள். கையில் தடித்த கறுப்பு மார்க்கர். ஒவ்வொரு பத்திரிகையாக விரித்து, தன் படத்துக்குக் குறுக்கே 'நான் இங்கே படிக்கவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் காணாதது போல மரக்கறி அடுக்கினார்.

மீன் வாங்க வந்த தகப்பன் ஒரு பத்திரிகையை எடுத்தார். இந்த முறை முழுவதையும் வாசித்தார். முகம் கறுத்துவிட்டது.

"அப்பா, நான் தனியத்தானே படிச்சனான்?"

"ஓம். நான் வேலையால வரேக்க மேசையிலதானே இருப்பாய்."

மார்க்கரை அவள் கையிலிருந்து வாங்கி மூடிச் சட்டைப் பையில் வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் மகளிடம் சொன்னார்:

"மை முடிஞ்சிடும் பிள்ளை. வீட்டுச் சுவரில இருக்கிறதில முதல் எழுதுவம், வா."