ஸ்டெபானி தேர்ந்தெடுத்த கடற்கரை

ஸ்டெபானி எதையாவது "எனக்குத் தெரியாது" என்று சொன்னதாக புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. தெரியாததைக் கேட்டால் "நாளைக்குச் சொல்றேன்" என்பாள். மறுநாள் சொல்லியும் விடுவாள். தாய்மார்கள் கொழுந்துக்கும் ரப்பர் பால் வெட்டவும் போகும்போது விட்டுவிட்டுப் போகிற முப்பது குழந்தைகளை, மேல் டிவிசன் பிள்ளைக்காம்பராவில் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்பவள் அவள். அந்த முப்பதையும் ஒரே நேரத்தில் தூங்கவைக்கத் தெரிந்தவளுக்கு உலகத்தில் வேறு எந்த வேலையைக் கண்டு பயம் வரும்?

அதனால்தான், கட்டாரில் இருக்கும் தம்பி ரெஜினோல்ட் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னபோது அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அக்கா, ஆகஸ்ட்ல லீவு கெடைச்சிருக்கு. இந்த வாட்டி எல்லாரும் கடலுக்குப் போறோம். அப்பா, அத்தை, புள்ளைங்க, ஒருத்தரும் மிச்சம் இல்லாம. நல்ல ஹோட்டல்ல மூணு நாள். எடத்த நீ பாரு."

"பாத்தாச்சுன்னு நெனைச்சுக்க" என்றாள் ஸ்டெபானி.

அந்தக் குடும்பம் இதற்கு முன் கடலைப் பார்க்காமல் இல்லை. தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு மூன்று தடவை போயிருக்கிறார்கள். ஆனால் அது நேர்த்திக்காகப் போனது. பாய், பானை, அரிசி மூட்டை, விறகு வரை வேனில் ஏற்றிக்கொண்டு போய், மரத்தடியில் சமைத்துத் தின்று, பூசை கண்டு திரும்பினார்கள். கடல் அங்கே பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். கடலுக்காகவே கிளம்பிப் போவது அவர்கள் வம்சத்தில் இதுதான் முதல் தடவை.

ரெஜினோல்ட் சும்மா இருக்கவில்லை. பெந்தோட்டைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் படங்களாக அனுப்பித் தள்ளினான். மூன்று மாடி, நீல நிறத்தில் நீச்சல் தடாகம், பாக்கு மரம் மாதிரி நெடுநெடுவென்று நிற்கும் விளக்குகள். ஸ்டெபானி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போன் எடுத்தாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆகஸ்ட்ல அந்தப் பக்கத்துக் கடலு எப்புடி இருக்கும் தெரியுமா? பேய் புடிச்ச மாதிரி. நாலு வயசுப் புள்ளைய அதுல எறக்குவியா? அந்த மாசத்துல கெழக்குப் பக்கந்தான் கடலு அமைதியா கெடக்கும். பாசிக்குடா. அங்க ரொம்ப தூரம் நடந்தாலும் தண்ணி இடுப்புக்கு மேல வராதாம்."

"நீ எப்ப அங்க போன?"

"போகாட்டி என்ன? நேத்து கேட்டேன், இன்னைக்குச் சொல்றேன்."

பாசிக்குடாவில் ஹோட்டல்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றுக்கும் போன் போட்டாள். அங்கே போன் எடுத்த பிள்ளைகள் அன்று பட்ட பாட்டைக் கடவுள்தான் அறிவார். அறையிலிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்கு எத்தனை படி? படியில் கைப்பிடி இருக்கிறதா? குளியலறைத் தரை வழுக்குமா? தடாகத்தைச் சுற்றி வேலி இருக்கிறதா, இருந்தால் அதன் கதவு குழந்தை தள்ளினால் திறக்குமா? சோறு எத்தனை மணிக்கு, பிள்ளைகளுக்குக் காரம் இல்லாமல் கிடைக்குமா? பிள்ளைக்காம்பராவைப் பரிசோதிக்க வரும் அதிகாரிகள் அவளிடம் கேட்கிற கேள்விகளைத்தான் அவள் இவர்களிடம் கேட்டாள். பாதி இடங்களில் "பிறகு எடுக்கிறோம் மேடம்" என்று வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அக்ரம் என்ற வெயிட்டர், "நான் நடந்து காட்டுறன், பாருங்க அக்கா" என்று சொல்லி, போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறை வாசலிலிருந்து சாப்பாட்டு மேசை வரைக்கும், மேசையிலிருந்து மணல் வரைக்கும் நடந்து வீடியோ அனுப்பினான். ஒரு படிகூட இல்லை. ஸ்டெபானி அந்த இடத்தையே முடிவு செய்தாள்.

தெரேசம்மா அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஞாயித்துக்கெழம பூசை இருக்கா?" பக்கத்திலேயே கோயில் இருப்பதை ஸ்டெபானி முன்னமே விசாரித்து வைத்திருந்தாள். மாவனல்லை பவாஸின் வேனையும் பேசியாயிற்று. எல்லாம் சரி.

அப்பா மட்டும்தான் சரியாகவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டப் பாத்துக்கறேன்" என்றார் யோசப்.

எழுபத்தாறு வயது யோசப்பைத் தோட்டத்தில் இன்னமும் பங்களா அப்பு என்றுதான் சொல்வார்கள். முப்பத்துநான்கு வருடம் பெரிய துரை பங்களாவில் சமைத்துப் பரிமாறியவர். நான்கு துரைமார் மாறினார்கள், அவர் மாறவில்லை. மற்றவர்கள் சாப்பிடும்போது சுவரோரமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது அவருடைய உத்தியோகம். உத்தியோகம் முடிந்து பதினாறு வருடமாகியும் அந்த நிற்பு முடியவில்லை. வீட்டிலும் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்பங்கரையில் தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்துவிடுவார். ஸ்டெபானியின் கல்யாணப் பந்தியில்கூட அவர் உட்காரவில்லை. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஊற்றிக்கொண்டு போனார். கல்யாண ஆல்பத்தில் குடும்பம் மொத்தமும் மேசையில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று இருக்கிறது. அதில் பெண்ணைப் பெற்றவர் இல்லை. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஸ்டெபானிக்கு நெஞ்சு எரியும். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் ஆல்பத்தை மூடிவிடுவாள்.

ரெஜினோல்டுக்கு அந்த எரிச்சல் இன்னும் அதிகம். "அக்கா, கடலு எனக்கு முக்கியமில்ல. அங்க டெய்லி பாக்குறேன். அப்பா ஒரு தடவ மேசையில உக்காந்து, இன்னொருத்தன் வந்து பரிமாறி, அவரு சாப்புடணும். அதுக்குத்தான் இவ்வளவும். அவரு வரலன்னா பயணமே வேணாம்."

"வருவாரு, உக்காருவாரு. அது என் பொறுப்பு."

முதல் பாதி சுலபமாக முடிந்தது. நான்கு வயதுக் கடைக்குட்டியை அவர் மடியில் உட்காரவைத்து, "தாத்தா வரலன்னா இவ தண்ணியில எறங்க மாட்டாளாம்" என்றாள். கிழவர் பயணத்துக்குத் துணியை மடித்து வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, ஸ்டெபானியின் புருஷனையும் சேர்த்து ஒன்பது பேரும் புறப்பட்டார்கள். வழியில் சாமான் பையைத் திறந்தபோதுதான் தெரேசம்மா அத்தை பெரிய பானையையும் பத்துக் கிலோ அரிசியையும் வேனில் ஏற்றியிருப்பது தெரிந்தது. பயணம் என்றால் பானை போக வேண்டும் என்பது அத்தையின் கணக்கு. "ஹோட்டல்ல சமைக்க விடாட்டிப் பரவால்ல, பானை நம்மகிட்ட இருக்கட்டும்" என்றார். பவாஸ் சிரித்த சிரிப்பில் வேன் ஒரு பக்கம் சாய்ந்தது.

பாசிக்குடா ஸ்டெபானி சொன்ன மாதிரியே இருந்தது. கடல் குளம்போலக் கிடந்தது. பிள்ளைகள் மூன்று பேரும் இறங்கியதும் ஏற மறந்தார்கள். தடாகத்து வேலிக் கதவை அவள் தானே தள்ளிப் பார்த்தாள், திறக்கவில்லை. அத்தைக்குத் தரை வழுக்கவில்லை. தம்பி மனைவி முதல் தடவையாக, "நீங்க சொன்னா சரிதான் மதினி" என்றாள். ஸ்டெபானி அதை அடக்கமாக ஏற்றுக்கொண்டாள் என்று சொன்னால் அது பொய்.

பொழுது சாய்ந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். யோசப், அத்தையின் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உக்காருங்கப்பா."

"நீங்க சாப்புடுங்க. எனக்குப் பசிக்கல."

பக்கத்து மேசையில் யாரோ ஒரு கரண்டியைக் கீழே போட்டார்கள். அக்ரம் திரும்புவதற்குள் யோசப் அதை எடுத்துவிட்டு, அலுமாரியிலிருந்து புதிய கரண்டி ஒன்றைக் கொண்டுபோய், துணியில் சுற்றி அவர்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அந்த மேசைக்காரர் நிமிர்ந்தும் பார்க்காமல் "இன்னும் கொஞ்சம் தண்ணி" என்றார். ரெஜினோல்டின் முகம் கறுத்துப் போனது.

"அப்பா, கையெடுத்துக் கும்புடுறேன், உக்காருங்க! எல்லாரும் பாக்குறாங்க."

அந்தச் சத்தத்துக்கு உண்மையாகவே எல்லோரும் பார்த்தார்கள். யோசப் அறைக்குப் போய்விட்டார். பின்னால் போய்ப் பார்த்தபோது, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாண் ரொட்டியைப் பிய்த்து, ஜன்னலோரம் நின்றபடியே தின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்து ஸ்டெபானி வாசலிலேயே அழுதுவிட்டாள்.

அழுது முடித்ததும் அவளுக்கு அவளுடைய தொழில் ஞாபகம் வந்தது. பிள்ளைக்காம்பராவுக்குப் புதிதாக வரும் குழந்தை உட்காராது, சுவரோரம் நிற்கும். அதைக் கூப்பிடக் கூடாது, பார்க்கக் கூடாது. மற்றப் பிள்ளைகளின் பாயை அதற்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டால் பசி வந்ததும் தானாகவே உட்காரும். காலையில் மேசையைச் சுவரோரமாக இழுத்துப் போடவைத்தாள். "ஒருத்தரும் அப்பாவப் பாக்காதீங்க. நீங்க பாட்டுக்குச் சாப்புடுங்க" என்றாள். ஒன்பது பேரில் எட்டுப் பேர் கோழி பார்க்கிற மாதிரி ஒரு பக்கமாகத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். யோசப் மேசை ஓரத்தில் இருந்த இடியப்பத்தை எடுத்து, நின்றுகொண்டே, சுத்தமாகச் சாப்பிட்டு முடித்தார். முப்பது குழந்தைகளை ஏமாற்றியவளால் ஒரு பங்களா அப்புவை ஏமாற்ற முடியவில்லை.

"பொறுப்பு உன்னோடதுன்ன" என்றான் ரெஜினோல்ட்.

"இன்னும் மூணு சாப்பாடு இருக்கு" என்றாள் அவள். குரலில் தைரியம் குறையவில்லை. உள்ளே மட்டும் கொஞ்சம் ஆடிப்போயிருந்தது.

அன்று மத்தியானம் அவள் சாப்பிடுவதை விட்டுவிட்டு அப்பாவை மட்டும் ஓரக்கண்ணால் கவனித்தாள். கொழும்பிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர் பக்கத்து மேசைக்கு வந்தார். யோசப் யாரும் சொல்லாமலே நகர்ந்து போய் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தார். அந்த அம்மா யோசிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, உட்கார்ந்தார். யோசப் நாற்காலியை மெல்ல முன்னுக்குத் தள்ளிவிட்டு விலகினார்.

ஸ்டெபானி கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்தாள். இத்தனை வருடமாக வீட்டில் அத்தனை பேரும் அவரை "உக்காருங்க, உக்காருங்க" என்று கெஞ்சியிருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள், தோளைப் பிடித்து அழுத்தியும் பார்த்திருக்கிறார்கள். அவருக்காக ஒருவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் பிடித்ததில்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில், மேசையில் இடம் உண்டு என்பதற்கு அதுதான் அடையாளம். வாயால் சொல்வதெல்லாம் அங்கே கணக்கில் இல்லை.

அக்ரமைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். பக்கத்து ஊரான ஓட்டமாவடியிலிருந்து வேலைக்கு வரும் பையன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "முப்பத்துநாலு வருஷமா அக்கா? அப்ப தொழில்ல எனக்கே பாடம் சொல்ற உஸ்தாதெல்லா" என்றான். இரவுச் சாப்பாட்டுக்கு அவனுக்கு வேலை மாற்றம். ஆகவே மறுநாள் காலை, கடைசிச் சாப்பாட்டுக்குத்தான் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை கண்டுவிட்டு நேராகச் சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். யோசப் வழக்கமான இடத்துக்கு ஒதுங்கப் போனார். அக்ரம் வெள்ளைச் சட்டையின் பொத்தான்கள் முழுவதும் போட்டு, ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். "உக்காருங்க" என்று சொல்லவில்லை. கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்தபடி காத்திருந்தான்.

யோசப் அவனைப் பார்த்தார். அவன் கையைப் பார்த்தார். அப்படி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எதிரில் இருப்பவர் உட்காராமல் போனால் அது எவ்வளவு அவமானம் என்பது அந்த மண்டபத்தில் அவருக்குத்தான் தெரியும். மேசையில் எட்டுப் பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை ஸ்டெபானி யாரையும் பார்க்க வேண்டாமென்று சொல்லவில்லை.

யோசப் உட்கார்ந்தார்.

அக்ரம் நாற்காலியை முன்னுக்குத் தள்ளிவிட்டு, துணியை விரித்து அவர் மடியில் போட்டான். பால் சோறு வந்தது, காரமான கட்டச் சம்பல் வந்தது, மீன் குழம்பு வந்தது. கிழவர் முதுகை நேராக வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் சாப்பிட்டார். ஸ்டெபானி தன் தட்டைத் தொடவேயில்லை. சந்தோஷத்தில் வயிறு நிறையும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.

கடைசியில் தேத்தண்ணி வந்தது. யோசப் ஒரு மிடறு குடித்தார். கோப்பையைத் தட்டில் வைத்து, ஒரு விரலால் மெல்ல முன்னுக்குத் தள்ளினார்.

"தம்பி, இது ஆறிப்போச்சு. சூடா வேற ஒன்னு கொண்டாங்க."

"மன்னிக்கணும் சேர். இப்ப கொண்டு வாறன்" என்றான் அக்ரம்.

ரெஜினோல்ட் துள்ளி எழுந்தான். "இருங்கப்பா, நான் எடுத்துட்டு வாறேன்!"

யோசப் கையை அசைத்து அவனைத் தடுத்தார்.

"நீ உக்காரு ரெஜி. அது அவங்க வேல."

ரெஜினோல்ட் உட்கார்ந்தான்.