காத்திருப்போரில் முதலாவது

ஜெயதாஸ் எந்தப் பல்கலைக்கழகத்தின் கையேட்டையும் பின்னாலிருந்துதான் படிப்பார். கடைசிப் பக்கங்களில் இருக்கும் பேராசிரியர் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு, யார் எங்கே பட்டம் வாங்கியவர், எதை ஆராய்கிறவர் என்று பார்த்து முடித்த பிறகே முன்னட்டைக்கு வருவார். பாறசாலையில் ஒரு பேரலல் காலேஜில், அதாவது தனியார் டுடோரியலில், வேதியியல் எடுக்கிறார். வயது இருபத்தெட்டு. எம்.எஸ்சி. முடித்து ஆறு ஆண்டு ஆகிறது.

மேல்படிப்புக்கு எங்கே சேர்வது என்று குழம்புகிறவர்கள் காட்டாக்கடையிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். "கோர்ஸுக்க பேரப் பாக்காதிய. கைடு ஆருண்ணு பாருங்க, அதாக்கும் காரியம்" என்பார். சொன்னது பலிக்கும். பலித்தவர்கள் லட்டு கொண்டுவந்தால் பல்வலி என்று ஒதுக்கிவிடுவார். அவர்கள் படியிறங்கியதும் அவர்களுடைய மார்க்கையும் தம்முடைய மார்க்கையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பெரும்பாலும் தம்முடையதே கூடுதலாக இருக்கும். அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

தொண்ணூற்று நாலில் அவரும் ஐதராபாத்தில் ஓர் ஆய்வுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதினார். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று திருவனந்தபுரத்து மையத்தை விட்டு மதுரைக்குப் போய் எழுதினார். ஜூலையில் அஞ்சலட்டை வந்தது. இடம் நாலு, அவர் காத்திருப்போரில் முதலாவது.

மறுநாள் சுமி டீச்சர் இரண்டு கடிதங்களோடு வந்தாள். அதே காலேஜில் அதே பாடம் எடுப்பவள். பொழியூர்க்காரி, அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் எம்.ஃபில். கிடைத்திருந்தது. அவர் எழுதிய அதே ஐதராபாத் படிப்பும் கிடைத்திருந்தது. கடல்தண்ணீர் இரும்பை அரிப்பதைப் பற்றி ஆராய அவளுக்கு ஆசை. அதில் பேர்பெற்ற பேராசிரியர் ஐதராபாத்தில் இருந்தார். எங்கே சேரலாம் என்று கேட்டாள்.

ஜெயதாஸ் ஐதராபாத் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். நாலாவது இடம். இவள் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது பாடக்குறிப்பு கொடுத்ததே அவர்தான். கடிதத்தை மடித்து அவளிடமே நீட்டினார்.

காரியவட்டமே போதும் என்றார். வீட்டிலிருந்து போய்வரலாம், அம்மாவுக்கும் ஆறுதல், பாஷை தெரியாத ஊரில் கிடந்து தவிக்கவேண்டாம் என்று அடுக்கினார்.

"கைடப் பாக்கணும்ணு சாருதானே சொல்லுவிய?"

"அது ஆம்பளையளுக்கு, டீச்சரே."

சுமி அங்கேயே உட்கார்ந்து, தனக்கு இடம் வேண்டாம் என்று ஐதராபாத்துக்கு எழுதி, உறையை ஒட்டி அவரிடமே கொடுத்தாள். அவர் வீட்டுக்குப் போகும் வழியில்தான் தபாலாபீஸ்.

அன்று மாலை தபால்பெட்டியைத் தாண்டி நடந்தவர், நாளைக்குப் போடலாம் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் காலை சுமி ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டாள். அந்த ஐதராபாத் பேராசிரியர் எழுதியது.

"இனி எனக்கு எதுக்கு சாரே. பிள்ளைய வாசிக்கட்டு."

மதிய இடைவேளையில் புரட்டினார். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. ஓரிடத்தில், மழைக்காலத்தில் மட்டும் வள்ளத்து ஆணி ஏன் சீக்கிரம் துருவேறுகிறது என்று கேட்டு, கீழே மூன்று காரணம் எழுதி, இரண்டைத் தானே அடித்திருந்தாள். ஜெயதாஸ் அதில் ஒரு பிழை கண்டுபிடிக்க மாலைவரை முயன்றார். கிடைக்கவில்லை. தமக்கு இப்படி ஒரு கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை என்பதுதான் மார்க்கைவிட அதிகமாகச் சுட்டது.

மூன்றாம் நாள் காலை, பிள்ளைகள் வருமுன், தபாலில் சேர்க்காத உறையை சுமியின் மேசையில் வைத்தார். அதன்மேல் தம்முடைய அஞ்சலட்டையையும் வைத்தார்.

அவள் வாசித்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள்.

"சாரும் எழுதினியளா?"

"பதினஞ்சாம் தேதிக்குள்ள ஐதராபாத்துக்கு சம்மதம்ணு தந்தி அடிக்கணும்" என்றார். டஸ்டரை எடுத்துக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒன்றும் எழுதியிராத கரும்பலகையை அழுத்தி அழுத்தித் துடைக்கத் தொடங்கினார்.