படிக்கிணற்றில் பட்ட பாடு

சுகாதார இன்ஸ்பெக்டர் வேலை என்பது, கேட்காதவர்களுக்கு யோசனை சொல்லிவிட்டு, சொன்னதற்கு ஏச்சும் வாங்கிக்கொண்டு, சைக்கிளில் அடுத்த ஊருக்குப் போகிற வேலை. பெற்ற பிள்ளையிடம் 'பல் விளக்கினாயா?' என்று கேட்டு முறைப்பு வாங்கியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பேரையூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தோடு மல்லுக்கட்டினேன். ஊருக்கே ஒரு படிக்கிணறுதான். குடத்தோடு இறங்கி, கடைசிப் படியில் நின்று மொண்டு வருவார்கள். கோடை பிறந்தால் வீட்டுக்கு ஒருவர் நரம்புச் சிலந்தி என்கிற புழு நோயோடு படுத்துவிடுவார். காலில் கொப்புளம் உடைந்து, நூல் மாதிரி நீளமாக ஒரு புழு வெளியே வரும். அதைத் தினம் கொஞ்சமாகக் குச்சியில் சுற்றி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்தால் கால் வீங்கிப் போகும். படிகளை அடைத்து, சுவர் எழுப்பி, கயிறு போட்டு இறைக்க வைப்பது எனக்கு வந்த உத்தரவு. ஊர் சம்மதிக்காமல் ஒரு கல் வைக்க முடியாது.

பூதக்கண்ணாடி

கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, பூதக்கண்ணாடியை நாட்டாமை சின்னச்சாமியின் கையில் கொடுத்தேன். பொடிப் பொடியாகத் தண்ணீர் உண்ணிகள் துள்ளிக்கொண்டிருந்தன. புழு வந்த கால் தண்ணீரில் பட்டால் சிலந்திக் குஞ்சு உதிர்கிறது, குஞ்சு அந்த உண்ணிக்குள் போகிறது, உண்ணி தண்ணீரோடு நம் வயிற்றுக்குள் போகிறது என்று தொண்டை வறள விளக்கினேன். ஊரே வரிசையில் நின்று பார்த்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

நாட்டாமை இரண்டாம் தடவையும் வாங்கிப் பார்த்துவிட்டு, பெருமையோடு சொன்னார்: "இம்புட்டு உசிரும் துள்ளி விளையாடுதுன்னா, இதைவிட நல்ல தண்ணி எந்த ஊருலய்யா இருக்கு?"

மீன் வைத்தியம்

உண்ணியைத் தின்னும் மீனை விட்டால் போதும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். வண்டியூர்க் கண்மாயில் பிடித்த பொடி மீன்களை மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் தண்ணீர் தளும்பி, பக்கத்தில் இருந்தவரின் வேட்டி நனைந்து, அவர் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. ஒரு மீன்கூடச் சாகாமல் கிணற்றில் விட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் போனால் கிணற்றில் ஒரு செதில்கூட இல்லை. அங்கே குளித்துக்கொண்டிருந்த மாயாண்டி, குற்றவுணர்ச்சி துளியும் இல்லாமல் சிரித்தார்: "குழம்பு வச்சோம்ண்ணே. ருசி நல்லாத்தான் இருந்துச்சு, முள்ளுதான் சாஸ்தி. அடுத்த நடை விராலாப் பாத்துக் கொண்டாங்க."

கருப்பாயியின் கால்

பங்குனியில் போனபோது காடெல்லாம் பருத்தி வெடித்துக் கிடந்தது. கருப்பாயி வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். புருஷன் இல்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள், சொந்தமாக ஒரு குறுக்கம் நிலம். வருஷச் சாப்பாடு அந்தப் பருத்திதான். கணுக்காலில் புழுவும் குச்சியுமாக அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. ஒரு கோடை மழை பெய்தால் பருத்தி கறுத்துப்போகும். மற்றவர்களுக்கு அவரவர் காடே மலைப்பாக இருந்தது.

"இந்தக் காலோடு கிணற்றில் இறங்கினாயா?" என்று அதட்டினேன். இறங்கியது மட்டுமில்லை, கடைசிப் படியில் கால் கழுவினேன் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருஷம் காலராப் பயத்தில், தமுக்கடித்து ஊரைக் கூட்டி, "கை கால் கழுவாமல் குடிதண்ணீர் எடுக்காதீர்கள்" என்று முழங்கியவன் நான்தான். எங்கே கழுவுவது என்று சொல்லவில்லை. நான் சொன்ன நூறு யோசனையில் ஊர் கேட்டது அது ஒன்றைத்தான். போன வருஷப் புழுக்கால்காரர்கள் எல்லாரும் கிணற்றுக்குள்ளேயே கழுவியிருக்கிறார்கள். உள்ளே போன குஞ்சு புழுவாகித் தலைநீட்ட ஒரு வருஷம் பிடிக்கும். நான் தமுக்கடித்து, கருப்பாயி அந்தத் தண்ணீரைக் குடித்துச் சரியாக ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அவளோ என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னாள்: "நீங்க சொன்னதிலருந்து ஒரு நாள் தவறலைய்யா. தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேன்."

மந்தையில்

மறுநாள் காலை மந்தையில் ஊரைக் கூட்டச் சொன்னேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்ததும் என்னோடு வந்திருந்த பியூன், "வேலைக்கு உலை வச்சிக்கிராதீங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் கேட்கவில்லை. கழுவச் சொன்னது நான், இடம் சொல்லாத மடையனும் நான், இந்த வருஷம் படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் என் வாயால் படுத்தவர்கள் என்று சொல்லிவிட்டேன். ஒரு கல்லாவது பறந்து வரும் என்று எதிர்பார்த்தேன்.

நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்: "எத்தனையோ ஆபீசருக வந்து போயிருக்காக, தப்பு எம்மேலன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். படியை அடைச்சிருவோம். அதுக்கு முன்னாடி கருப்பாயி காட்டுல பருத்தி எடுக்கணும், ஊரே வரும். நீங்களும் மடியைக் கட்டிக்கிட்டு வாங்க."

என் உத்தியோக காலம் முழுக்க நான் பேசிய பேச்சில் ஓர் ஊர் காதுகொடுத்துக் கேட்டு உருப்பட்டது, என்னை நானே திட்டிக்கொண்ட அந்தக் கால்மணி நேரத்தில் மட்டும்தான்.