பெரியவள் கேட்ட சரசரப்பு

ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள் இருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. மூத்தவனைக் கட்டியவள் பெரியவள், இளையவனைக் கட்டியவள் சின்னவள், தீர்ந்தது. பெரியவளுக்கு அந்தப் பெயரில் முதலில் வருத்தம் ஒன்றும் இல்லை. சின்னவள் என்று ஒருத்தி வந்த பிறகுதான் தனக்கு அந்தப் பெயரே வந்தது என்பது மட்டும் போகப்போக உறுத்த ஆரம்பித்தது.

பெரியவளின் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லா வினையும் அங்கேதான் தொடங்குகிறது. அவளுக்குக் கட்டைக் குரல். நேரில் பேசினால் பெரிதாகத் தெரியாது. போனில் பேசினால் எதிரில் இருப்பவர் "சொல்லுங்க சார்" என்பார். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களிடம் போனில் பேசத்தான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். நன்றாகவும் பேசுவாள், விஷயம் தெரிந்து பேசுவாள். ஆனால் "சார் இல்லைங்க, மேடம்" என்று ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை முறைதான் சொல்வாள்? கொஞ்ச நாளில் திருத்துவதையே விட்டுவிட்டாள். சாராகவே பேசி, சாராகவே நன்றி வாங்கிக்கொண்டாள்.

பிறகு கம்பெனி, போன் வேலை முழுவதையும் ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு கால்சென்டருக்கு ஒப்பந்தத்தில் கொடுத்துவிட்டது. பேசியவர்களை எல்லாம் வேலையை விட்டு அனுப்பியது. பெரியவளை மட்டும் வைத்துக்கொண்டது. இனிமேல் அவள் பேச வேண்டாம், கேட்டால் போதும் என்றது.

வீட்டுச் சாவியை வெளியாளிடம் கொடுத்துவிட்டு யாரால் நிம்மதியாக இருக்க முடியும்? வாடிக்கையாளரின் பெயர், விலாசம், போன் நம்பர், கார்டு நம்பர் எல்லாம் இப்போது முன்பின் தெரியாத ஆட்களின் காதுக்குப் போகிறது. அதனால் கட்டுப்பாடுகள் கடுமை. அந்தக் கால்சென்டர் ஹாலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. பேனா ஆகாது, ஒரு துண்டுக் காகிதம்கூட ஆகாது. வாடிக்கையாளர் கார்டு நம்பர் சொல்ல வாயெடுத்ததும் ஒரு பட்டனை அழுத்திப் பதிவை நிறுத்திவிட வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பதிவான அழைப்புகளில் நூற்றுக்கு இரண்டை எடுத்துக் கேட்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதித் தர வேண்டியது பெரியவளின் வேலை. யார் கேட்கிறார்கள் என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. அதனால் வீட்டில்கூட அவள் "ஆபீஸ் வேலை" என்றுதான் சொல்லி வைத்திருந்தாள்.

அவளுக்கு மேலே இருந்தவர் தகவல் பாதுகாப்பு அதிகாரி. ஆபீஸில் அவருக்குப் பெயர் பூட்டு சார். சாப்பாட்டு டப்பாவுக்குக்கூடப் பூட்டுப் போடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். ஆனால் போட்டிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

இப்படி இருக்கையில்தான் கொழுந்தன் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். வந்த சின்னவள் சும்மா இருந்தாளா? எண்ணி இரண்டே மாதத்தில் வேலை தேடிக்கொண்டாள். எங்கே என்கிறீர்கள்? அதே கால்சென்டரில். அதே கம்பெனியின் ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் பேச.

அவள் குரல் அப்படி. இதைச் சொல்லும்போது பெரியவளுக்கு இன்றைக்கும் வாய் கசக்கும். ஆனாலும் உண்மை உண்மைதான். பதமான குரல், அவசரப்படாத குரல், சிரிப்பைக் கொஞ்சம் உள்ளேயே வைத்துக்கொண்டு பேசுகிற குரல். மாமியார் அக்கம்பக்கத்தில் எல்லாம், "சின்னவ போன்ல பேசினா எனக்கு மாத்திரையே வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் பெரியவளின் புருஷன் டீ குடித்துக்கொண்டே, "அவ குரலுக்கு எவனாவது வேண்டாம்னு சொல்வானா? கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்றான். அடுத்த டீயில் பெரியவள் சர்க்கரையே போடவில்லை. அவன் அதையும் குடித்துவிட்டு, எதுவும் தெரியாமல் எழுந்து போனான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து மழுப்ப வேண்டியதில்லை. தான் பேச ஆசைப்பட்ட வேலையில், தன்னை வாயை மூடிக் கேட்கச் சொன்ன வேலையில், நேற்று வந்தவள் பேசிப் பேர் வாங்கினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

கால்சென்டரில் சொந்தக்காரர் யாராவது சேர்ந்தால் பூட்டு சாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பெரியவள் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கால்சென்டரின் அழைப்புகளைத் தன் கையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவளுக்கு அது வேண்டாம். சின்னவள் என்றைக்காவது ஒரு தப்புச் செய்வாள், அதைத் தன் காதால் கேட்க வேண்டும்.

ஆனால் சின்னவள் மாட்டவில்லை. தனக்கு வந்த நூற்றுக்கு இரண்டு போதாமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில் சின்னவளின் அழைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து கேட்க ஆரம்பித்தாள் பெரியவள். ஒரு பதிவில் ஒருவன் தேனாகப் பேசினான். "அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்த மெஷின்ங்க. எந்த அட்ரஸுக்கு அனுப்பினீங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"அண்ணன் மேல இவ்வளவு அக்கறையா இருக்கீங்க" என்றாள் சின்னவள். "அவரையே ஒரு வார்த்தை கூப்பிடச் சொல்லிடுங்க. உடனே சொல்லிடறேன்."

அவன் கெஞ்சினான், பிறகு அதட்டினான். "உங்க அட்ரஸை யாராவது வந்து இப்படிக் கேட்டாலும் நான் கொடுக்க மாட்டேன் சார், அதனாலதான்" என்றாள் அவள். கடைசியில் அவன் நன்றி சொல்லிவிட்டு வைத்தான். ஒன்றும் கொடுக்காமல் நன்றி வாங்கிவிட்டாள். பெரியவள் ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் கொஞ்சம் பலமாகவே வைத்தாள். இதையே தான் சொல்லியிருந்தால், "என்ன சார் மிரட்டுறீங்க?" என்றிருப்பான்.

அப்புறம்தான் அந்தச் சத்தம் வந்தது. வயதான வாடிக்கையாளர் ஒருவர் கார்டு நம்பர் சொல்லி முடித்து, பதிவு மறுபடி ஓட ஆரம்பித்த இடத்தில், மெல்லிய சரசரப்பு. காகிதம். சந்தேகமே இல்லை, காகிதம்தான். காகிதமே ஆகாத ஹாலில் காகிதம் எப்படி வரும்? எழுதி எடுக்கிறாள். பெரியவள் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். சங்கீதம் கேட்கிறவர்களுக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சின்னவளைப் பார்த்துச் சிரித்தாள், டீ போட்டுக் கொடுத்தாள். மாமியாரே பயந்துபோய், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

மற்ற அழைப்புகளிலும் தேடினாள், அங்கேயும் சரசரப்பு இருந்தது. வாரம் முடிந்ததும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று வைத்திருந்தாள். விடுமுறை நாளில் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் அதே சத்தம். அதே நீளம், அதே இழுப்பு. திரும்பிப் பார்த்தாள். சின்னவள் தொண்டை மிட்டாய் ஒன்றைத் தாளிலிருந்து பிரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பேசிப் பேசித் தொண்டை கட்டிக்குது அக்கா. மாமாதான் வாங்கிட்டு வந்து கொடுத்தாங்க."

மாமா என்று அவள் சொன்னது பெரியவளின் புருஷனை. பெரியவளுக்கு எதற்கு முதலில் அழுவது என்று தெரியவில்லை. கையில் இருந்த ஒரே பிடி நழுவிப் போயிற்று. அதுவும் போகட்டும். இத்தனை வருஷம் கட்டைக் குரலோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள், அவளுக்கு ஒரு மிட்டாய் வாங்கி வரத் தோன்றாத மனுஷன், தம்பி பெண்டாட்டியின் தொண்டைக்கு வாங்கி வந்திருக்கிறான்.

இரண்டு நாள் கழித்துப் பூட்டு சார் கூப்பிட்டார்.

பதிவுகளைக் கேட்கிறவள் பெரியவள் என்றால், அவள் எந்தப் பதிவை எப்போது திறந்தாள் என்பதையும் இன்னொரு இடத்தில் கம்ப்யூட்டர் குறித்துக்கொண்டே இருந்திருக்கிறது. காவலுக்கும் காவல் வைக்கிற ஆள் அவர். அவர் முன்னால் திரையில் ஒரே ஆளின் அழைப்புகள் வரிசை வரிசையாக நின்றன.

"உட்காருங்கம்மா. இந்த ஒரு பொண்ணோட கால் எல்லாத்தையும் திறந்து கேட்டிருக்கீங்க. இந்த ஒரு காலை மட்டும் திரும்பத் திரும்ப. நானும் கேட்டேன்." அவர் பதிவை ஓடவிட்டார். சரசரப்பு வந்தது. "பேப்பர் சத்தம். நம்பர் எழுதி எடுக்கிறா. உங்களுக்கும் அதே சந்தேகம்தானே?"

அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

"நல்ல வேலை பண்ணீங்க. இப்பவே அவங்க மேனேஜருக்குப் போன் பண்ணிடறேன். சாயங்காலத்துக்குள்ள வெளியே அனுப்பிடுவாங்க. டேட்டா திருடினவள்னு பேர் விழுந்தா அப்புறம் எந்தக் கால்சென்டர்லயும் சேர்க்க மாட்டாங்க."

அவர் கை போனுக்குப் போனது. பெரியவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அதற்குத்தானே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினாள். சாயங்காலம் சின்னவள் முகம் வீங்கி வீட்டுக்கு வருவதை ஒரு நிமிஷம் கண் முன்னால் பார்த்தாள். மாமியார் அக்கம்பக்கத்துக்கு என்ன சொல்வாள் என்பதையும் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், இனித்தது.

ஆனால் அந்தப் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சரசரப்பு இரண்டாம் முறை வந்தது, அதன் பின்னால் பல்லில் மிட்டாய் இடறுகிற சின்னச் சத்தம். அந்தக் கட்டிடத்தில் அதைக் கேட்கக்கூடிய காது அவளுடையது மட்டும்தான். கேட்டதைக் கேட்டபடி சொல்வதைத் தவிர அவள் அங்கே வேறு எதிலும் பேர் வாங்கியதில்லை.

"அது மிட்டாய்த் தாள் சார்."

"என்னது?"

"தொண்டை மிட்டாய். எழுத முடியாத தாள், அதுக்கு அங்கே தடை இல்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டு மிட்டாய் சார். அவ என் கொழுந்தன் பொண்டாட்டி."

பூட்டு சார் போனிலிருந்து கையை எடுத்தார். "சொந்தக்காரி. சொல்லவே இல்லை. அப்போ அவளைக் காப்பாத்தத்தான் எல்லாத்தையும் திறந்து பார்த்தீங்களா?"

"இல்ல சார். மாட்டிவிட."

"எதுக்கு?"

"பொறாமை சார்."

கட்டைக் குரலில் அது ரொம்பத் தெளிவாக விழுந்தது. பூட்டு சார் திரையைப் பார்த்தார். பதிவைத் திறந்த காரணம் என்ற இடத்தில் புகார், சந்தேகம், பயிற்சி என்று ஏதேதோ இருந்தன. அவர் மேலும் கீழும் தேடிவிட்டுக் கடைசியில் 'உறவு' என்று தட்டினார். பெரியவளை அன்றைக்கே கேட்கிற வேலையிலிருந்து எடுத்து வாரண்ட்டி கார்டு அடுக்கும் பிரிவுக்கு அனுப்பினார். முழுவதும் தானே ஒரு முறை கேட்டுச் சரிபார்த்த பிறகு, எல்லா அழைப்பும் பார்த்தாயிற்று, ஒரு குற்றமும் இல்லை என்று முடிவு எழுதி, அழைப்புகள் திறக்கப்பட்ட நேரப் பட்டியலோடு அந்தக் கால்சென்டருக்கும் அனுப்பிவிட்டார். திறந்த கோப்பை மூடாமல் விடுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

அந்த மாதக் கடைசியில் சின்னவள் ஒரு கேடயத்தோடு வீட்டுக்கு வந்தாள். மாமியார் அதை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள், தள்ளி நின்று பார்த்தாள், இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"பாதுகாப்புல முதல் பரிசாம் அக்கா" என்றாள் சின்னவள், சமையலறை வாசலில் நின்றபடி. "மத்தவங்களுக்கெல்லாம் நூத்துக்கு ரெண்டுதான் பார்ப்பாங்களாம். எனக்கு மட்டும் ஒண்ணு விடாம பார்த்திருக்காங்க. உங்க கம்பெனியில யாரோ ஒரு சார் சாப்பிடக்கூடப் போகாம உட்கார்ந்து கேட்டாராம். மேனேஜர் சொன்னார்."

பெரியவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "அந்த சார் ஒரு தப்புகூடக் கண்டுபிடிக்கலையா?"

"இல்லையாம்."

"நல்லாத் தேடியிருப்பார்."

சின்னவள் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துப் பிரித்தாள். சரசரவென்றது. பெரியவளுக்குப் பழக்க தோஷம், வாய் தானாக முந்திக்கொண்டது.

"அதை வெளியிலேயே பிரிச்சு வாயில போட்டுக்கிட்டு உள்ளே போ. தாளோட போகாதே. பதிவுல அந்தச் சத்தம் எழுதுற மாதிரி கேட்கும்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவளின் விரல்கள் பாதி பிரித்த தாளில் அப்படியே நின்றன.

"அந்த சார்..." என்றாள். "நீங்களா அக்கா?"

பெரியவள் குழாயை மூடினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"நல்லாத்தான் பேசுறே" என்றாள். "அதுதான் பிரச்சினை."